பத்துக் கோடிப் பாடல்களில் உங்கள் பாட்டு இருக்கிறதா?

சந்தா கட்டச் சொல்லும் இசைச் செயலிகள் இரண்டு எண்களை முன்னால் வைக்கின்றன. ஒன்று பாடல்களின் எண்ணிக்கை: ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் இரண்டுமே பத்துக் கோடிக்கு மேல் என்கின்றன. மற்றது ஒலித்தரம்: சிலவற்றில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை. எண்கள் பொய்யல்ல. ஆனால் பாட்டுக் கேட்பவருக்குத் தெரிய வேண்டியது அவற்றில் மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது.

நம்பிக்கை: எண்ணிக்கை பெரிதென்றால் எல்லாப் பாட்டும் கிடைக்கும்.

அந்தப் பத்துக் கோடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இசைத்துறைக் கணக்குகளைத் தொகுக்கும் லூமினேட் நிறுவனம் 2023இல் கண்காணித்த 18.4 கோடி ஒலிப்பதிவுகளில் 4.56 கோடி அந்த ஆண்டு ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை. பிரான்சின் டீசர் செயலி, முழுக்கச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பாடல்கள் மட்டும் நாளுக்கு 20,000க்கு மேல் தன்னிடம் வந்து சேர்வதாக 2025 ஏப்ரலில் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில், முந்தைய 12 மாதங்களில் 7.5 கோடிக் குப்பைப் பதிவுகளை நீக்கியதாக ஸ்பாட்டிஃபை அறிவித்தது. போதாததற்கு, ஒரே பாட்டு படத்தின் ஆல்பத்தில் ஒரு தடவை, பாடகரின் தொகுப்பில் ஒரு தடவை, ‘காதல் கீதங்கள்’ வகைத் தொகுப்பில் இன்னொரு தடவை என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகும்.

எந்தப் பாட்டு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது உரிமை ஒப்பந்தம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது வார்னர் நிறுவனத்தோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அடுத்து சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பாடல்கள் செயலியிலிருந்து இறங்கின. 2020இல் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகுதான் திரும்பின. சரிகம என்பது பழைய கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. எச்.எம்.வி. தட்டுகளில் வந்த தமிழ்ப் பாடல்களின் பெரும் களஞ்சியம் அதனிடம்தான் இருக்கிறது. அந்த இடைவெளியில் பழைய பாட்டுத் தேடிய தமிழருக்கு, செயலியில் இருந்த மற்றக் கோடிகளால் என்ன பயன்?

பாட்டு இருந்தும் கைக்கு அகப்படாத கொடுமை வேறு. இசையமைப்பாளர் பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். ஒன்றைத் தேடினால் மற்றவை வராது. பாடலாசிரியர் பெயரே பல பதிவுகளில் இல்லை. சில தொகுப்புகளில் அட்டைப்படத்தில் பழைய நட்சத்திரம் இருக்க, உள்ளே வேறொருவர் மறுபடி பாடிய பதிவு ஓடும். தமிழ்ப் பாட்டுக் கேட்பவருக்கு இதுதான் பெரிய குறை என்பேன்; எந்த ஒப்பீட்டுப் பட்டியலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம்பிக்கை: லாஸ்லெஸ் வந்துவிட்டால் காதுக்கும் அது வந்துவிடும்.

வருமா என்பது வழியைப் பொறுத்தது. சிடியின் ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1,411 கிலோபிட். லாஸ்லெஸ் கோப்பு அதில் எதையும் இழக்காமல் சுருக்கிக் கொடுக்கிறது. ஆப்பிள் இதைக் கூடுதல் கட்டணமில்லாமல் 2021 ஜூனில் தந்தது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் தொடங்கியது. ஆனால் நம்மில் பலர் கேட்பது ப்ளூடூத் இயர்போனில். அது ஒலியை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்பும். உயர்தரத்துக்கென்றே சோனி உருவாக்கிய எல்டாக் முறையின் உச்சமே நொடிக்கு 990 கிலோபிட். ப்ளூடூத் இணைப்பு லாஸ்லெஸ் அல்ல என்று ஆப்பிளின் உதவிப் பக்கமே சொல்கிறது. லாஸ்லெஸ்ஸுக்காகவே செயலி மாறுகிறவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல வயர் ஹெட்போன்.

நம்பிக்கை: 192 என்பது 44.1ஐவிட நான்கு மடங்கு உயர்ந்தது.

கோப்பின் எடைதான் பெருகுகிறது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஒலி சுருக்காத நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 மெகாபைட். சிடி தரம் 11 மெகாபைட்டுக்கும் குறைவு. மனிதக் காதின் மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். அதைப் பதிவுசெய்ய 44.1 போதும். பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276; காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். பிறகு 2016இல் ஜோஷுவா ரெய்ஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான பதில்களின் சராசரி 52.3 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது மெல்லிய இழை.

பழைய தமிழ்ப் பாட்டில் அந்த இழைக்கும் இடமில்லை. படத்தின் ஒலித்தடத்தில் ஒரு வடிவம், மூன்றரை நிமிடத்துக்குள் அடக்கிய 78 சுழற்சித் தட்டில் ஒரு வடிவம், பிறகு எல்பி, கேசட் என்று அது பல கை மாறியிருக்கிறது. படத்தில் வரும் சரணம் தட்டில் இல்லாமல் போனதுண்டு. மூல டேப் கிடைக்காதபோது தேய்ந்த தட்டிலிருந்து எடுக்கிறார்கள். கீறல் சத்தத்தைக் கழுவுகிற வேகத்தில் வயலினின் கூர்மையும் குரலின் மூச்சும் சேர்ந்து போய்விடுகின்றன. அப்படி மழுங்கிய பதிவை 192இல் வைத்தால், அதே மழுங்கலை இம்மி பிசகாமல் கேட்கலாம். கவனமாக மாற்றிய பதிவு நொடிக்கு 256 கிலோபிட்டில் வந்தாலும் அதைத் தோற்கடித்துவிடும்.

நம்பிக்கை: மாற்றிப் போட்டுக் கேட்டேன், இது தெளிவாக இருக்கிறது.

சத்தம் சற்றுக் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். செயலிகள் பாடல்களின் சத்தத்தைச் சமப்படுத்தும் அளவு ஆளுக்கொன்று. அந்த வசதியை இரண்டிலும் அணைத்துவிட்டு, ஒலியளவைக் காதுக்குச் சமமாக்கி, எது எதுவென்று தெரியாமல் இன்னொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டால்தான் அது சோதனை.

சந்தா கட்டுமுன், உங்கள் வீட்டில் ஓயாமல் ஒலிக்கும் பாடல்களில் அரிதான இருபதை எழுதி, இலவசக் காலத்துக்குள் ஒவ்வொரு செயலியிலும் தேடுங்கள். கிடைத்தது அசல் குரல்தானா, எல்லாச் சரணமும் இருக்கிறதா என்று பாருங்கள். செயலிகளிடமும் இசை நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பாட்டின் கீழே 24 பிட் என்று எழுதுகிற இடத்தில், அது எந்தத் தட்டிலிருந்து, எந்த டேப்பிலிருந்து, எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்றும் எழுதட்டும்.