கெட்டிமேளம் கொட்டும்போது கண் கலங்குவது ஏன்?

கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை மழையாய் விழுகிறது. கோவை, பொள்ளாச்சி, கோபி என்று எந்த ஊர் மண்டபமானாலும் சரி, அந்த நேரத்தில் பெண்ணின் அம்மாவைப் பாருங்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். “ஏனுங்க்கா, நல்ல நாளும் அதுவுமா இப்படி அழுவறீங்க?” என்று அதட்டுகிற தங்கைக்கும் கண் சிவந்துதான் இருக்கும்!

தங்கமான மாப்பிள்ளை, நல்ல குடும்பம், எல்லோருக்கும் சம்மதம். அப்புறம் அழுகை எதற்கு?

மூன்று வகைக் கண்ணீர்

கண் காய்ந்துபோகாமல் எப்போதும் ஈரமாய் வைத்திருக்கும் கண்ணீர் ஒன்று. வெங்காயம் நறுக்கும்போதும் அடுப்புப் புகை படும்போதும் வருவது இரண்டாவது. மனசு பொங்கும்போது வருவது மூன்றாவது. மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி தூண்டப்பட்டு, முக நரம்பு வழியாகக் கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போகிறது. சுரக்கும் கண்ணீரில் ஒரு பங்கு மூக்குக்குள் வடியும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான்.

சரி, தொண்டை அடைக்கிறதே? மனம் பதறும்போது நிறையக் காற்று வேண்டுமென்று குரல்வளை அகலத் திறக்கிறது. நாம் எச்சிலை விழுங்கும்போது அது மூடப் பார்க்கிறது. இந்த இழுபறிதான் தொண்டையில் உருண்டையாய்த் தெரிகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

பாரம் இறங்கும் நொடி

துக்கத்தின் உச்சியில்தான் அழுகை வரும் என்று நினைக்கிறோம். ஆனால் கோனியம்மன் தேர்க் கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தையை யோசித்துப் பாருங்கள். திகைத்து நிற்கும், திருதிருவென்று முழிக்கும். அம்மாவைக் கண்டதும்தான் ‘ஓ’வென்று அழும். ஆபத்து தீர்ந்த பிறகு ஏன் அழவேண்டும்? அதுவரை இழுத்துப் பிடித்திருந்த உடம்பு அப்போதுதான் தளர்கிறது!

1979-ல் எஃப்ரான், ஸ்பாங்ளர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் சொன்னார்கள். முதலில் மனம் முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு அவிழும்போது கண்ணீர் வருகிறது. 2015-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஓரியானா அராகோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போகிறது. தாங்கமுடியாத சந்தோஷத்தை அழுகை சமன் செய்து, மனசைச் சீக்கிரம் நிலைக்குக் கொண்டுவர உதவுகிறது என்பது அவர்கள் கருத்து.

இப்போது பெண்ணைப் பெற்றவரைப் பாருங்கள். ஜாதகத்தைக் கையில் எடுத்த நாளிலிருந்து தரகர், பொருத்தம், மண்டபம், நகை, சீர், கடன், ‘யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே’ என்ற கவலை. தூக்கம் கெட்டு எத்தனை மாதம்! தாலி ஏறியதும் அத்தனையும் ஒரே நொடியில் இறங்குகிறது. அழாமல் என்ன செய்வார்?

சீர்கள் தரும் ஆறுதல்

நம் பெரியவர்கள் இதை அறிந்துதானோ என்னவோ, அழுகைக்கு இடம் வைத்தே சீர்களை அமைத்திருக்கிறார்கள். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை முன்னிறுத்திச் செய்வது. ‘மனைவி வந்தாலும் உன் உறவு விட்டுப்போகாது’ என்று சபையறியச் சொல்லும் சீர் அது. அண்ணனை இழக்கப்போகிறோமோ என்று உள்ளுக்குள் மருகும் தங்கைக்கு அங்கே கண் நிறைந்துவிடும்.

மங்கல வாழ்த்தும் அப்படித்தான். கம்பர் இயற்றியது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. நாவிதர் சமூகத்துப் பெரியவர் அதைப் பாடும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் ஆத்தாளுக்கும் அமுச்சிக்கும் தங்கள் கல்யாண நாள் ஞாபகம் வரும். பக்கத்தில் இருந்து பார்த்துக் கைதட்டியவர்களில் இன்று இல்லாதவர்கள் ஞாபகமும் சேர்ந்து வரும்.

எந்த அழுகையைக் கவனிக்க வேண்டும்?

அழுது முடித்ததும் முகம் தெளிந்தால் அது பாரம் இறங்கிய அழுகை. விட்டுவிடுங்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

ஒன்று, பெண்ணின் அழுகை. “கல்யாணப் பொண்ணுன்னா அழத்தான் செய்வா” என்று எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். உப்புச்சர்க்கரை மாற்றிய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தனியாக அழுகிறாள், யாரிடமும் பேச்சில்லை என்றால் அது வேறு அழுகை. அவளுக்குப் பிடித்த அத்தையோ சித்தியோ தனியே உட்காரவைத்து, “கண்ணு, உனக்கு மனசார சம்மதமா? இல்லைன்னாலும் சொல்லு, நான் இருக்கேன்” என்று கேட்க வேண்டும். பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். பத்திரிகை காகிதம்தான், அவள் வாழ்க்கை அப்படியல்ல. மாப்பிள்ளைப் பையனுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இரண்டு, நெஞ்சு. அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று பலவீனமடையும் ஒரு நோயை ‘டாக்கோட்சுபோ’ என்கிறார்கள். உணர்ச்சி வேகத்தால் இந்நோய் வந்த 485 பேரின் விவரத்தை ஸூரிக் மருத்துவர்கள் தலைமையிலான குழு 2016-ல் வெளியிட்டது. அதில் 20 பேருக்குக் காரணம் துக்கமல்ல, சந்தோஷம்! ஆக, இது அபூர்வம்தான். ஆனால் மாரடைப்பு மாதிரியே வலிக்கும். வீட்டில் இருந்தபடி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

கல்யாண வீட்டாருக்கு...

* விடிகாலை முகூர்த்தமானாலும் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். பெற்றோரின் மாத்திரைப் பையை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

* ‘பந்தி முடியட்டும்’ என்று பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு இது ஆபத்து.

* நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், அதிக வியர்வை என்றால் ‘வாய்வு’ என்று சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108.

* “ஆம்பளை அழலாமா?” என்று அப்பாவைக் கேலி செய்யாதீர்கள். தோளில் ஒரு கை போதும்.

* பெண் போன பிறகு வீடு வெறிச்சோடும். இரண்டு வாரம் தாண்டியும் அம்மாவுக்கு அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்த கல்யாணத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்தால் காரணம் கேட்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். உங்கள் கண்ணும் கலங்கினால்... கலங்கட்டுமே!