கரையும் பசளையும் கரையாப் பசளையும்

வயலில் இடும் பசளையைப் பயிர் கட்டியாக உண்ண இயலாது. பசளை நீரிற் கரைந்த பின்னரே வேர் அதனை உறிஞ்சும். ஆகவே, எப்பசளை எவ்வாறு கரையும் என்பதைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. பாடசாலை செல்லும் பிள்ளைகளும் பெற்றோர் முன்னிலையில் பின்வரும் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

சோதனை

மூன்று கண்ணாடிக் குவளைகளில் அரைப்பங்கு நீர் எடுத்துக்கொள்க. முதலாவதில் யூரியா, இரண்டாவதில் முச்சுப்பர் பொசுபேற்று, மூன்றாவதில் எப்பாவலப் பாறைப் பொசுபேற்றுத் தூள் ஆகியவற்றை இரண்டு தேக்கரண்டி வீதம் இட்டுக் கலக்குக. யூரியா விரைவில் மறைந்துவிடும். குவளையைத் தொட்டால் குளிர்ச்சி தெரியும். இரண்டாவதில் குறுணைகள் மெல்ல நொறுங்கி, ஒரு பங்கு கரைய, மண்டி அடியில் தங்கும். மூன்றாவதிலோ மறுநாட் காலையிலும் தூள் அவ்வாறே கிடக்கும். இக்குவளைகளை மீண்டும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

விளக்கம்

மறைந்த யூரியா அழிந்துவிடவில்லை. அதன் நுண்துணிக்கைகள் பிரிந்து நீரின் துணிக்கைகளிடையே பரவியுள்ளன. இங்கு நீர் கரைப்பான், யூரியா கரையம், இரண்டும் சேர்ந்தது கரைசல். பொருளைத் தூளாக்கினாலும் கலக்கினாலும் கரைதல் விரைவுபெறும். எனினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட யூரியாவைக் கரைக்கும். மியூரியேற்றுப் பொற்றாசிலோ ஏறக்குறைய 340 கிராம் மாத்திரமே கரையும். அதற்குமேல் இடுவது அடியிலேயே தங்கும். அது நிரம்பிய கரைசல் எனப்படும்.

எப்பாவலக் கல்

அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலப் படிவு 1971ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதிலுள்ள பொசுபரசு அப்பற்றைற்று என்னும் கனிப்பொருளிற் பிணைந்திருப்பதால் நீரில் மிக அரிதாகவே கரையும். அமிலம் பட்டால் மெல்ல விடுபடும். எனவே இரத்தோட்டை போன்ற மலைப்பகுதிகளின் அமில மண்ணில், பல்லாண்டு நிற்கும் தேயிலை முதலிய பயிர்களுக்கு அது பயன்தரும். தம்புள்ளை, கலேவெல பகுதிகளின் செங்கபில நிலங்களில் அமிலத்தன்மை குறைவு. அங்கு கல் கரைந்து வருமுன்னரே நெல்லும் பெரிய வெங்காயமும் அறுவடையாகிவிடும். விலை மலிவென்று அதனை மட்டும் நம்பினால் அப்போகத்தின் விளைச்சல் குன்றும். பாறைப் பொசுபேற்றைப் பொசுபோரிக்கமிலத்துடன் வினைப்படுத்தி, நீரிற் கரையுமாறு ஆக்கப்பட்டதே முச்சுப்பர் பொசுபேற்று.

விரைந்து கரைவதன் தீங்கு

விரைந்து கரையும் யூரியா விரைந்து இழக்கவும்படும். நீர் ஓடும் வயலில் இட்டால் பசளை வக்கடை வழியே அயலார் வாய்க்காலுக்குச் சென்றுவிடும். மரக்கறித் தோட்டத்தில் மிகையாக இட்டால் நைத்திரேற்றாக மாறி நிலத்தடிக்கு இறங்கிக் குடிநீர்க் கிணற்றையும் கெடுக்கும். அன்றியும், வேரைச் சூழ்ந்த கரைசல் செறிவு மிகுந்தால் வேரிலுள்ள நீர் வெளியேறி நாற்றுக் கருகும்.

கவனிக்கவேண்டியவை

1. யூரியாவை ஒரே தடவையில் இடாது, பயிரின் பருவத்திற்கேற்பப் பிரித்து இடுக.
2. வயலில் இடுமுன் வக்கடைகளை அடைத்துவிடுக. பெருமழைக்கு முன் இடாதீர்.
3. கூட்டெருவையும் சேர்த்திடுக, கரைந்த ஊட்டங்களை மண்ணிற் பிடித்துவைக்க அது உதவும்.
4. யூரியா காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுமாதலால், பையை இறுகக் கட்டித் தரைக்குமேற் பலகையில் வைக்குக.
5. மண்ணைப் பரிசோதித்து, உமது பகுதி விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவின்படியே பசளையிடுக.