கல்லா மேஜைக்குச் சிறிய கேபினெட்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் சிறிய மளிகைக் கடைகளின் கல்லா மேஜையிலும் கம்ப்யூட்டர் ஏறிவிட்டது. தராசுக்கும் பில் பிரிண்டருக்கும் நடுவே பெரிய பெட்டிக்கு இடம் ஏது? ஆகவே பலரும் சிறிய கேபினெட்டாகக் கேட்கிறார்கள். குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் அரிசி மூட்டை எடுப்பதில்லை. இந்தப் பெட்டியையும் அப்படியே சோதித்து வாங்க வேண்டும்.

1. கொள்ளளவு: கேபினெட்டை லிட்டரில் சொல்வது வழக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 40 × 20 × 40 பெட்டி 32 லிட்டர். 30 × 10 × 30 பெட்டி 9 லிட்டர். பின்பக்கம் ஒயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும் மேஜைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2. மதர்போர்டு: மினி ஐ.டி.எக்ஸ். போர்டு 17 செ.மீ. சதுரம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரம். பெரிய போர்டுக்கான பெட்டியில் சிறிய போர்டைப் பொருத்தலாம். சிறிய பெட்டியில் பெரியது நுழையாது. பில் போடுவதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. அதற்கான இடத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

3. எஸ்.எம்.பி.எஸ்.: சாதாரண ஏ.டி.எக்ஸ். வகை 15 செ.மீ. அகலம், 8.6 செ.மீ. உயரம். எஸ்.எஃப்.எக்ஸ். வகை 12.5 செ.மீ. அகலம், 6.35 செ.மீ. உயரம். சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் பெரியது பொருந்தாது. தீபாவளிக்கு முந்தின நாள் அது பழுதானால், மாற்று நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே விசாரித்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் கூட்டத்தை வைத்துக்கொண்டு கையால் பில் எழுத நேரும்.

4. காற்றோட்டம்: இடம் குறையக் குறையச் சூடு தங்கும். பிராசசர் மேல் அமரும் கூலரின் உயரம் பெட்டிக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 35 வாட் பிராசசருக்குப் போதுமான காற்றோட்டம் 65 வாட் பிராசசருக்குப் போதாமல் போகலாம். நம் கடைகளில் மிளகாய்த்தூளும் மாவும் பறப்பதால், கழற்றித் தட்டக்கூடிய தூசி வலை அவசியம். வலையை வாரம் ஒருமுறை தட்ட வேண்டும். காற்றுத் துளை உள்ள பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பெட்டிமேல் பிஸ்கட் அட்டைப்பெட்டி அடுக்காதீர்கள்.

எங்கள் கருத்து இது: மேஜையில் இடமிருந்தால், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டையும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஏற்கும் பெட்டியே நம்மவர்களுக்கு உகந்தது. இரண்டு லிட்டர் மிச்சம் பிடிப்பதைவிட உள்ளூரில் உதிரி கிடைப்பது பெரிது. இடமே இல்லாதவர் மட்டும் மினி ஐ.டி.எக்ஸ். பெட்டிக்குப் போகலாம்.

இன்ச் டேப்பைக் கையோடு கொண்டுபோய், மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.