அந்த வழுவழுப்பைச் சுரண்டிடு, தங்கச்சி

ஆயக்குடி கொய்யா சாப்பிட்டுட்டு விதையைத் தொட்டியில போட்டிருக்கேன்னு சொன்னியே, விதையில வர்ற மரம் அதே ருசியில காய்க்கும்னு நம்பி இருக்க முடியாதுடி. அம்மா வீட்டு லக்னோ 49 கொய்யா மரம் இருக்கே, அதுல விண்பதியம் போடு, அதாவது கிளை மரத்துல இருக்கும்போதே வேர் விட வை. தாய்மரத்துக் காய் அப்படியே கிடைக்கும்.

மழைக்காலம்தான் இதுக்குத் தோது. பென்சில் கனத்துல நல்ல கிளையா பாரு. நுனியிலேர்ந்து ஒன்றரை அடி தள்ளி, ஓர் அங்குல இடைவெளியில ரெண்டு இடத்துல சுத்திக் கீறி, நடுவுல இருக்கிற பட்டையை வளையமா உரிச்சிடு.

இங்கதான் பதியம் கெட்டுப்போறது. உரிச்ச இடத்தை விரலால தடவிப் பாரு, ஈர சோப்பைத் தொட்ட மாதிரி வழுக்கும். அது இருந்தா பட்டை மறுபடி வளர்ந்து மூடிக்கும். கத்தி முதுகால சுரண்டி, துணியால துடை. விரலுக்குச் சொரசொரன்னு படணும். நான் முதல்ல போட்ட மூணு பதியத்தையும் ரெண்டு மாசம் கழிச்சுப் பிரிச்சப்போ, காயம் ஆறியிருந்துச்சு, வேர் ஒண்ணுகூட இல்ல. அழுகையே வந்துடுச்சு.

இலை தயாரிக்கிற சத்து பட்டை வழியாத்தான் கீழ இறங்கும். வழி அறுந்ததும் வெட்டோட மேல் விளிம்புல தேங்கும், வேரும் அங்கதான் கிளம்பும். வேர் ஊக்கிப் பொடி இருந்தா அந்த விளிம்புல தடவு. தண்ணி உள்கட்டை வழியா ஏறுறதால கிளை வாடாது.

ஊறவச்ச தென்னைநார்க் கழிவைச் சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு, காயத்தைச் சுத்திப் பொத்தி, கண்ணாடி மாதிரி பாலிதீன் தாளால ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டு. ஒன்றரை, ரெண்டு மாசத்துல வெள்ளை வேர் தெரியும். அவசரப்படாதே, அது பழுப்பாகிக் கிளைக்கட்டும். கட்டுக்குக் கீழ முதல்ல பாதி வெட்டு, பத்து நாள் கழிச்சு மீதி. தாளை எடுக்கும்போது நார் உதிரக் கூடாது. பாதி இலையைக் கிள்ளிட்டு, பையில நட்டு ஒரு மாசம் நிழல்ல வை.

மாதுளைக்கும் அத்திக்கும் இவ்வளவு பாடு வேணாம். முத்தின குச்சியை முக்கால் அடிக்கு வெட்டி, பாதிக்கு மேல மண்ணுல புதைச்சாப் போதும். அடிமுனையைச் சாய்வாவும் மேல்முனையை நேராவும் வெட்டிக்கோ, தலைகீழா நட்டுட மாட்டே. மாமரத்துக்கு ஒட்டுக்கட்டுறதுதான் சரி.

ஒரு கிளையை நம்பி இருக்காதே, நாலஞ்சுல போடு.