நெட் வேகமாத்தான் இருக்கு, பேச்சு ஏன் விட்டு விட்டுக் கேட்குது?

காரைக்குடியில் வளவு வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து சிங்கப்பூர் பேரனோடு பேசும் ஆச்சிகள் பலரும் சொல்வது: "விட்டு விட்டுக் கேக்குதுப்பா, இன்னும் வேகமான பிளானாப் போடச் சொல்லு."

நம்பிக்கை: வேகம் கூடினால் குரல் தெளியும்.

உண்மை: குரலுக்கு வேகம் அதிகம் வேண்டாம். டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் ஒரு குரலுக்கு ஒதுக்கியதே நொடிக்கு 64 கிலோபிட்தான். இன்றைய ஆப்களுக்கு அதிலும் பாதி போதும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பேச்சை வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக, நொடிக்கு 50 பாக்கெட்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். பக்கத்து அறையில் யாரோ சினிமா டவுன்லோடு செய்தால் இவை ரூட்டரில் வரிசையில் நிற்கும். கேட்கும் போன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். அதற்கும் பிந்தி வரும் பாக்கெட்டைத் தள்ளிவிடும். சினிமா என்றால் விட்டுப்போனதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம், பேச்சில் அதற்கு நேரமேது? அங்கேதான் ஆச்சி சொன்ன பாதி வார்த்தை காணாமல் போகிறது.

தடித்த செட்டிநாட்டுச் சுவர்களைத் தாண்டும் வைஃபை தடுமாறினாலும் இதே கதைதான். பிளானுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் ரூட்டரை ஆச்சி உட்காரும் கட்டுக்கு மாற்றுங்கள். பேசும் நேரத்தில் டவுன்லோடை நிறுத்தச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: நெட் கால் சட்டவிரோதம்.

உண்மை: ஒரு காலத்தில் தடை இருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி உண்டு. வெளிநாட்டு அழைப்புகளை சிம் பாக்ஸ் வைத்து உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுவதுதான் குற்றம்.

நம்பிக்கை: நம்பர் போட்டுப் பேசினால் சாதாரண கால், வாட்ஸ்அப்தான் நெட் கால்.

உண்மை: 2016 செப்டம்பர் 5-இல் சேவை தொடங்கிய ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அதில் நம்பர் போட்டுப் பேசுவதும் வோல்ட்டி (VoLTE), அதாவது 4ஜி டேட்டாவிலேயே குரலை அனுப்பும் முறை வழியாகப் பாக்கெட்டாகத்தான் போகிறது. ஆனால் வோல்ட்டி குரலுக்கு நிறுவனம் தன் நெட்வொர்க்கில் முன்னுரிமை தருகிறது. வாட்ஸ்அப் குரல் மற்ற டேட்டாவோடு சேர்ந்து வரிசையில் நிற்கிறது. டவர் சிக்னல் எட்டாத உள்கட்டில் போனின் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' இருக்கிறதா பாருங்கள். அதை ஆன் செய்தால், ஆச்சி முகப்புக்கு எழுந்து வராமலே தன் நம்பரிலிருந்து பேசலாம்.