மக்கும் பை எங்கே மக்கும்?

எதுவும் மக்குவதற்கு ஈரம் வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசலில் பங்குனி தொடங்கி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மாட்டுச்சாணம்கூட மக்காமல் காய்ந்து போகும். ஆகவே பாலிதீனுக்கு மாற்றுத் தேடும்போது, "இது மக்குமா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "நம் ஊரில், இதைத் தூக்கிப் போடும் இடத்தில் மக்குமா?" என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதன்பின் 'மக்கும் பை' கடைக்குக் கடை வந்துவிட்டது. சோளம், மரவள்ளி மாவில் செய்தது என்று சொல்லி விற்பார்கள். பெரும்பாலும் அது கலவைதான்: மாவுப்பொருளோ, பி.எல்.ஏ. என்னும் தாவரவழிப் பிளாஸ்டிக்கோ ஒரு பங்கு, பி.பி.ஏ.டி. மறு பங்கு. பி.பி.ஏ.டி. பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் தக்க சூழல் கிடைத்தால் மக்கும். அந்தத் தக்க சூழல் எது என்பதில்தான் சிக்கல். இந்தப் பைகளுக்கான ஐ.எஸ். 17088 தரச்சோதனை ஈரமும் காற்றும் உள்ள, சுமார் 58 டிகிரி சூட்டில் வைத்த உரக்குவியலில் நடக்கிறது. அங்கே 180 நாட்களுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ கிடக்கும் பைக்கு அந்தச் சூடும் ஈரமும் சேர்ந்து கிடைக்காது. சீமைக்கருவேல முள்ளில் சிக்கினால் அதுவும் பாலிதீன் போலத்தான் தொங்கும். ஆடு தின்றால் வயிற்றிலும் அப்படியே தங்கும்.

சாப்பாட்டுக் கழிவை நகராட்சி உரக்கூடத்துக்குத் தவறாமல் அனுப்பும் மண்டபமோ உணவகமோ இந்தப் பையை வாங்கலாம். உரக்கூடத்தில் இதைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் பெயரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஆக்சோ' வகைப் பிளாஸ்டிக் பையை யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். அது வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து, நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதற்குத் தடை போட்டது.

துணிக்கடையில் தரும் வழவழப்பான 'துணிப்பை'யிலும் கவனம் வேண்டும். அவற்றில் பல, நெய்யாத பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். உருகி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக். காகிதம் எரியும் வாடையோடு சாம்பலானால் பருத்தி.

பருத்திப் பையே என் முதல் தேர்வு. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பருத்தி விளைய நீரும் மருந்தும் ஏராளமாகச் செலவாகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பக் கணக்கில் ஒருமுறை எடுத்தெறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுப் பை வாங்கிப் பீரோவில் அடுக்குவதால் பயன் இல்லை. தறி ஓடும் ஊர் அருப்புக்கோட்டை. பழைய வேட்டி, சேலை, தறியில் மிஞ்சிய துண்டுத்துணி இவற்றில் தைத்த பைக்கென்று புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை. இந்தக் கணக்கு அதைப் பெரிதாகத் தொடாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' திட்டத்தையும் நம் ஊர்த் தையல்காரர் கையில்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

கருப்பட்டி, மிட்டாய், கடலை போன்ற காய்ந்த பண்டங்களுக்குப் பனையோலைக் கொட்டானுக்கு நிகரில்லை. ஓலையிலும் பருத்தியைப் போலச் செல்லுலோஸ் நிறைய உண்டு. மக்குவதற்குத் தனி ஆலை எதுவும் வேண்டாம். மழை நாளில் பூஞ்சை பிடிக்கும் என்பது குறை. வெயிலில் காயவைத்து எடுத்தால் பல காலம் வரும். பாலிதீனைவிட விலை கூடுதல்தான். அந்தக் காசு முடைபவருக்குப் போகிறது என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. குருத்தோலையை அளவோடு வெட்டினால் மரமும் தழைக்கும்.

கறிக்கும் தேநீர்ப் பார்சலுக்கும் தூக்குவாளி போதும். கொதிக்கும் தேநீர் ஊற்றினால் பி.எல்.ஏ. குவளை இளகிவிடும். உட்பூச்சுள்ள காகிதக் குவளையோ தடைப்பட்டியலில் உள்ளது. பந்திக்கு வாழையிலையே போதும். எடுத்த பிறகு மாடு தின்னும். இலை போல அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பை மாடு தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

நாற்றுப் பையில் மட்டும் நான் பிளாஸ்டிக்கின் பக்கம் நிற்கிறேன். தென்னைநார்த் தொட்டியும் காகிதப் பையும் பக்கவாட்டில் ஈரத்தை இழப்பதால் கோடையில் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அது கட்டாது. தண்ணீர் வசதி உள்ள தோட்டக்காரர் தென்னைநாருக்கு மாறட்டும். மற்றவர்கள் கனமான பையாக வாங்குங்கள். நடும்போது கிழிக்காமல் அடியைத் தட்டி உருவுங்கள். பைகளை எண்ணி எடுத்துக் கழுவி நிழலில் கட்டிவைத்தால் அடுத்த ஐப்பசி நடவுக்கும் அவையே உதவும்.