ஆமை புகுந்த தொட்டி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது பழைய பேச்சு. இப்போது பெங் சுயி பார்ப்பவர்கள் அதே ஆமையைக் காசு கொடுத்து வாங்கி வடக்கு மூலையில் வைக்கிறார்கள். ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற அமீனாவுக்குத்தான் அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை. ஆமையால் வீட்டுக்கு நல்லதா கெட்டதா என்று இவ்வளவு பேசுகிறவர்கள், வீட்டால் ஆமைக்கு என்ன ஆகிறது என்று கேட்பது அபூர்வம்.

எந்த ஆமை என்பது முதல் கேள்வி. ஓட்டில் மஞ்சள் கோடுகள் விரியும் நட்சத்திர ஆமையை, “காட்டில் பிடிக்கவில்லையே, குட்டியிலிருந்து வளர்க்கிறோம்” என்று சொல்லி வைத்திருப்பவர்கள் உண்டு. சட்டம் அந்தச் சமாதானத்தை ஏற்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம், புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்துவிட்டது. ஏரி குளங்களில் அகப்படும் பால் ஆமையும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

மீன் கடைகளில் விற்பது பெரும்பாலும் சிவப்புக்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். “தொட்டி சின்னதாக இருந்தால் ஆமையும் சின்னதாகவே இருக்கும்” என்று கடைக்காரர் சொல்வார். நன்றாக வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ.க்கு மேல் போகும். சரியாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள்கூட இருக்கும். எல்.கே.ஜி. பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கிய குட்டி, அந்தப் பிள்ளை தன் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் நாளிலும் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கலாம். சின்னதாகவே நிற்கிறது என்றால், அது வளர முடியாமல் தவிக்கிறது என்று பொருள்.

“தண்ணீர் இருந்தால் போதும்” என்ற நம்பிக்கைதான் அதிக ஆமைகளைப் படுத்துகிறது. நீர் ஆமையும் கரையேறி உடம்பை உலர்த்தி, வெயில் காய வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் சாப்பிட்ட கால்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகி, வடிவம் கோணும். கண்ணாடி ஜன்னல் வழியே விழும் வெயில் கணக்கில் சேராது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்கென விற்கும் விளக்கிலும் ஒரு சிக்கல்: வெளிச்சம் குறையாமலே கதிர் தீர்ந்துபோகும், குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். மொட்டை மாடி வெயில் நல்லது. ஆனால் கத்திரியில் சின்ன டப்பில் நிழலில்லாமல் விட்டால் வெந்துபோகும். பாதி நிழலும், ஏறி உட்கார ஒரு செங்கல்லும் வேண்டும்.

சாப்பாட்டில் காய்ந்த இறாலே கதி என்று விடுகிறார்கள். வளர வளர இந்த ஆமை பச்சைக்கு மாறும். நீர்ச்செடி, கீரை, துருவிய கேரட் எல்லாம் தின்னும். வைட்டமின் ஏ குறைந்தால் இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். “தியானம் பண்ணுது பாருங்க” என்று அதைப் படம் எடுத்து அனுப்பும் குடும்பங்கள் உண்டு. உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது.

ஓட்டுக்கு வலிக்காது என்பதும் தவறு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து உருவான உயிருள்ள கூடு அது. நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன. பெயின்ட் அடிப்பதும் ஓட்டை போட்டுச் சங்கிலி கோர்ப்பதும் கொடுமை.

ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து நோயில் விழுந்ததால்தான் 1975-இல் அமெரிக்கா 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள்.

கடைசியில், வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் கோயில் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடுவார்கள். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் சிவப்புக்காது ஆமைக்கும் இடம் உண்டு. உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் கல்லையும் அது பிடித்துக்கொள்ளும். வைத்திருக்க முடியாதவர்கள், பெரிய தொட்டியும் பொறுமையும் உள்ள இன்னொரு வீட்டைத் தேடலாம், அல்லது விலங்கு நல அமைப்பு ஒன்றிடம் கேட்கலாம். குளத்துப் படிக்கட்டு வேண்டாம். அங்கே ஏற்கெனவே பால் ஆமை குடியிருக்கிறது.